ப்ளூட்டோ படித்தவர்களோடு ஒரு சின்னச் சண்டை

"ப்ளூட்டோ முடிச்சுட்டேன்" என்று யாராவது சொன்னால் அடுத்த வரி என்ன வரும் என்று எனக்கு இப்போது தெரியும். "செம சோகம்." அதற்கு அடுத்தது, "அந்தப் பியானோ ரோபோ கதையில அழுதுட்டேன்." இந்த இரண்டும் ஏறக்குறைய எல்லாரும் சொல்வது. மூன்றாவது வரிதான் ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு ஆர்வமும் அங்கேதான். ஒருவர் முடிவு சொதப்பல் என்பார், ஒருவர் அரசியல் அதிகம் என்பார், இன்னொருவர் ரோபோ கதை என்று நம்பிப் படித்தேன், ரோபோவையே காணோம் என்பார். சில வருடமாக இந்த ஜப்பானியப் படக்கதையைக் கையில் கிடைத்தவர்களிடமெல்லாம் தள்ளிவிட்டு, அவர்கள் திருப்பிச் சொன்னதைக் கேட்டு, பாதி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்தச் சண்டைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் 8 தொகுதியையும் முடித்துவிட்டு வாருங்கள், பதிவு இங்கேயேதான் இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நவோகி உரசாவா எழுதி வரைந்த மாங்கா, படக்கதைக்கு ஜப்பானில் அதுதான் பெயர். கதையில் தகாஷி நாகசாகியின் பங்கும் உண்டு. 2003 செப்டம்பரில் பிக் காமிக் ஒரிஜினல் பத்திரிகையில் தொடங்கி 2009 ஏப்ரலில் முடிந்தது. மூலம் உரசாவாவுடையது கிடையாது. ஜப்பானில் மாங்கா என்றாலே முதலில் சொல்லப்படும் பெயரான ஒசாமு தெசுகா, 1952இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ பாய் தொடரில், 1964இல் 'உலகின் மிகப் பெரிய ரோபோ' என்ற பொருள் வரும் தலைப்பில் ஒரு கதையைச் சிறுவர் பத்திரிகையில் எழுதினார். உலகின் ஏழு பலசாலி ரோபோக்களை ஒவ்வொன்றாக அழிக்க ப்ளூட்டோ என்ற ஒரு ராட்சத ரோபோ கிளம்புகிறது, அவ்வளவுதான் கதை. உரசாவா 1960இல் பிறந்தவர், சின்னப் பையனாக இருந்தபோது இதைப் படித்து ஆடிப்போயிருக்கிறார். பெரியவனான பிறகு அதையே தன் பாணியில் திரும்பச் சொல்ல ஆசைப்பட்டார். தெசுகாவின் மகன் மகோட்டோ முதலில் சம்மதிக்கவில்லை. அப்புறம் ஒப்புக்கொண்டபோது, அப்பாவின் பாத்திரங்களை அப்படியே பிரதி எடுக்காதீர்கள், உங்கள் கோட்டில் உங்கள் மனிதர்களாக வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் நமக்கு ஒரு மரியாதையான அஞ்சலிப் புத்தகம்தான் கிடைத்திருக்கும்.

உரசாவா செய்த முதல் வேலை, கதையின் மையத்திலிருந்து ஆஸ்ட்ரோ பாய் என்ற சிறுவன் ரோபோவை, அதாவது அட்டோமை, நகர்த்தியது. மூலத்தில் ஏழு பேரில் ஒருவனாக வந்து சீக்கிரமே போய்விடும் ஜெர்மன் போலீஸ் ரோபோ கெசிக்ட்தான் இங்கே நாயகன். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலில் துப்பறிவாளன், சோர்ந்த முகம், மழைக்கோட்டு, வீட்டில் ஹெலினா என்று ஒரு மனைவி, அவளும் ரோபோ. சுவிட்சர்லாந்தின் காடுகளைப் பராமரித்துவந்த, எல்லாரும் நேசித்த மான்ட் பிளாங்க் என்ற பெரிய ரோபோ சிதைக்கப்படுகிறது. அதே நேரத்தில் ரோபோ உரிமைகளுக்காக வேலை செய்த ஒரு மனிதரும் கொல்லப்படுகிறார். இரண்டு இடத்திலும் பிணத்தின் தலைக்கு மேல் கொம்பு மாதிரி எதையோ சொருகி வைத்திருக்கிறார்கள். மனிதனைக் கொன்ற இடத்தில் மனிதத் தடயமே இல்லை. ரோபோ மனிதனைக் கொல்ல முடியாது என்பது சட்டம். அப்படியென்றால் செய்தது யார்? இப்படிச் சராசரித் துப்பறியும் கதையாகத்தான் ஆரம்பிக்கிறது.

இப்போது பியானோ ரோபோ. எனக்குத் தெரிந்த எல்லாரும் அழுத இடம்.

நார்த் நம்பர் 2 ஸ்காட்லாந்து ரோபோ, போரில் பெரிய ஆயுதமாக இருந்தவன். போர் முடிந்ததும் பால் டங்கன் என்ற பார்வை இழந்த வயதான இசையமைப்பாளரின் கோட்டையில் பணியாளாகச் சேர்கிறான். உடம்பு முழுக்க ஆயுதம், அதை மறைக்க ஒரு பெரிய அங்கி. டங்கனுக்கு இயந்திரம் என்றாலே ஆகாது. நார்த்துக்கு ஒரே ஆசைதான், பியானோ கற்றுக்கொள்ள வேண்டும், இனிமேல் போருக்குப் போகக் கூடாது. கிழவர் விரட்டுகிறார், திட்டுகிறார், ஒரு இயந்திரத்தால் இசையை நகல் எடுக்கத்தான் முடியும் என்கிறார். அவருக்குச் சின்ன வயதில் பொஹீமியாவில் கேட்ட ஒரு பாட்டு அரைகுறையாக நினைவில் இருக்கிறது, தாய் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்ற கசப்போடு சேர்ந்து. நார்த் அந்த ஊருக்கே போய் மீதிப் பாட்டையும் கண்டுபிடித்து, தாய் கைவிடவில்லை என்ற உண்மையையும் கொண்டுவருகிறான். கிழவர் இளகுகிறார், பியானோ பாடம் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து வானத்தில் அந்த ராட்சத ரோபோ வந்துவிடுகிறது. நார்த் மேலே பறந்து போகிறான், டங்கனுக்குப் பார்வை கிடையாது, காதில் கேட்பது மட்டும்தான், பாட்டு கேட்கிறது, அப்புறம் வெடிச்சத்தம்.

நன்றாகச் செய்த அத்தியாயம், மறுக்கவில்லை. கண் தெரியாத ஒருவரின் காது வழியாக ஒரு சண்டையை வரைவது, அதுவும் சத்தமே இல்லாத காகிதத்தில், சாதாரண துணிச்சல் கிடையாது. ஆனால் எல்லாரும் இதையே ப்ளூட்டோவின் உச்சம் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. நல்லவன் ஒருவனைக் காட்டி, அவனுக்கு ஒரு சின்ன ஆசையைக் கொடுத்து, அது நிறைவேறுகிற நேரத்தில் கொன்றுவிட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். உரசாவாவுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும், பிராண்டோ விஷயத்திலும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார். துருக்கியின் மல்யுத்த ரோபோ, வீட்டில் மனைவி, வளர்ப்புப் பிள்ளைகள், சத்தமான சாப்பாட்டு மேசை. அதையெல்லாம் பார்த்ததுமே இவன் திரும்பி வரமாட்டான் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. துக்கம் உண்மைதான், ஆனால் அது வரும் வழி நமக்குப் பழகிப்போன வழி.

முதல் தொகுதியிலேயே நார்த்துக்கு முன்னால் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. நான் கேட்டவர்களில் இதைச் சொன்னவர் மிகக் குறைவு. ரோந்துப் போலீஸ் ரோபோ ஒன்று பணியில் நசுங்கிச் செத்துப்போகிறது. அதன் மனைவிக்குச் செய்தி சொல்ல கெசிக்ட் போகிறான். அந்த மனைவிக்கு மனித முகம் கிடையாது, பழைய மாடல் வீட்டுவேலை ரோபோ, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டம், உணர்ச்சி காட்ட ஒரு தசை கூட இல்லாத உலோக மூஞ்சி. செய்தியைக் கேட்டதும் அவள் எதுவும் செய்வதில்லை. செய்ய அவளிடம் எதுவும் இல்லை. உரசாவா அதே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், வரைந்ததில் எந்த மாற்றமும் இல்லை, நாம்தான் அதில் ஏதோ மாறியதாக நினைத்துக்கொள்கிறோம். வேண்டுமானால் கணவனைப் பற்றிய நினைவுகளை அழித்துவிடலாம் என்று கெசிக்ட் சொல்கிறான். வேண்டாம், அழிக்காதீர்கள் என்கிறாள். கணவனின் நினைவுச் சில்லைத் தனக்குள் போட்டுக்கொள்கிறாள்.

முதல் தடவை படிக்கும்போது இதை ஓர் அழகான கிளைக்கதை என்று கடந்துபோய்விடலாம். முழுக்கதையும் தெரிந்த பிறகு திரும்பிப் படித்தால் வயிற்றைப் பிசையும். ஏனென்றால் இங்கே அந்த யோசனையைச் சொல்கிறவன் கெசிக்ட். ஒரு இழப்பை அழித்துவிடலாம் என்று கனிவாகச் சொல்கிற அவனுக்கே அதைச் செய்து முடித்துவிட்டார்கள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

கெசிக்டுக்கு அடிக்கடி ஒரு கெட்ட கனவு வருகிறது. அதில் ஒரு குரல், "ஒரு உடல் 500 ஜியூஸ்" என்று விலை சொல்கிறது. என்ன உடல், எதற்கு விலை, ஒன்றும் விளங்கவில்லை. கதை முன்னே போகப் போக, சிதைந்த ரோபோக் குவியலிலிருந்து இன்னும் உயிர் இருந்த ஒரு குழந்தை ரோபோவை 500 ஜியூஸ் கொடுத்து வாங்கி அவனும் ஹெலினாவும் பிள்ளையாக வளர்த்தது தெரிகிறது. பெயர் ரோபிட்டா. அந்தக் குழந்தையை ஒரு மனிதன் கடத்திக் கொன்றுவிட்டான். கெசிக்ட் அவனைக் கண்டுபிடித்துக் கொன்றான். ரோபோ, மனிதனை, திட்டமிட்டு. உலகத்தின் தலைசிறந்த போலீஸ் ரோபோ கொலைகாரன் என்று வெளியே தெரிந்தால் எல்லாமே சரிந்துவிடும் என்று மேலிடம் முடிவெடுத்து அவனுடைய நினைவை வெட்டி எடுத்துவிட்டது. கொலையின் நினைவோடு குழந்தையின் நினைவும் போய்விட்டது. ஹெலினாவிடமிருந்தும் எடுத்துவிட்டார்கள். குழந்தை இருந்ததே தெரியாமல் இரண்டு பேரும் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றுலா போவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ப்ளூட்டோவில் இருட்டு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இங்கேதான் கை காட்டுவேன். ஏழு பேர் வரிசையாகச் சாவது சோகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாகிற ஒவ்வொருவருக்கும் அழ ஒருவர் மிச்சம் இருக்கிறார். நார்த்துக்கு டங்கன் இருக்கிறார், பிராண்டோவுக்குப் பிள்ளைகள், மான்ட் பிளாங்குக்கு ஒரு தேசமே. ரோபிட்டாவுக்கு யாருமே இல்லை. கொன்றவனும் செத்தாயிற்று, பெற்றவர்களுக்கும் நினைவில்லை, மிஞ்சியிருப்பது ஒரு கோப்பு மட்டும், அதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் வில்லன்களாகவும் வரையப்படவில்லை என்பதுதான் இன்னும் மோசம். நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்கிற சாதாரண அதிகாரிகள், நல்ல எண்ணத்தோடு கூட இருக்கலாம்.

இதற்கு மேல் உரசாவா இன்னொரு முடிச்சும் போடுகிறார். கொல்லப்பட்டவனுக்கு அடோல்ஃப் ஹாஸ் என்று ஒரு தம்பி, குடும்பஸ்தன், ரோபோ வெறுப்புக் கூட்டம் ஒன்றில் உறுப்பினர். அண்ணனைக் கொன்றது ரோபோ என்று இவனுக்குச் சந்தேகம், பழிவாங்கத் துடிக்கிறான். அந்தக் கூட்டமே ஒரு கட்டத்தில் இவனைத் தீர்த்துக்கட்ட நினைக்கும்போது இவனுக்குப் பாதுகாப்பாகப் போடப்படுவது கெசிக்ட். தன் அண்ணனைக் கொன்றவன் தன் குழந்தைக்குக் கேடயமாக நிற்பதை ஹாஸ் பார்க்க வேண்டியிருக்கிறது. அழவைப்பதற்காக எழுதிய பகுதியே அல்ல இது, ஆனால் முழு நூலிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான்.

அடுத்தது, மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரின் புகார். "இதுல சயின்ஸ் எங்க இருக்கு? எல்லாரும் ரோபோ வேஷம் போட்ட மனுஷங்க. டீ குடிக்கிற மாதிரி நடிக்குது, கல்யாணம் பண்ணுது, பிள்ளையைத் தத்தெடுக்குது. இதுக்கு ரோபோ எதுக்கு?" நியாயமான கேள்வி. இயந்திரம் எப்படி ஓடுகிறது, மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது என்று விளக்கம் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் தேறாது. உரசாவாவுக்கு அதில் அக்கறையே கிடையாது.

ஆனால் விஞ்ஞானக் கதைக்கு வேண்டிய ஒரு நல்ல கற்பனைக் கேள்வி இதில் இருக்கிறது, அதை அந்த நண்பர் கவனிக்கவில்லை என்பதுதான் என் வாதம். அட்டோமை உருவாக்கிய டாக்டர் டென்மாவின் கோட்பாடு அது. உலகில் இருக்கும் 600 கோடி மனிதர்களின் ஆளுமைகளையும் ஒரு ரோபோவின் மூளைக்குள் போட்டுவிட்டால் எல்லாச் சாத்தியங்களும் அதற்குள் வந்துவிடும், முழுமையான ரோபோ தயார். சிக்கல் என்னவென்றால், அது கண்ணையே திறக்காது. 600 கோடி வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே கிடக்கும். எழுப்ப வேண்டுமென்றால் தராசை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும், வெறுப்பு, கோபம், துக்கம் மாதிரி ஏதோ ஒன்றை அளவுக்கு மீறி ஊற்ற வேண்டும். ஒருவன் 'நான்' என்று எழுந்து நிற்க ஒரு சாய்வு வேண்டும், இந்தக் கதையில் கைக்குக் கிடைக்கிற சாய்வு வெறுப்பு ஒன்றுதான். என்னைக் கேட்டால் நல்ல விஞ்ஞானக் கதைக்கு இந்த ஒரு யோசனை போதும். மீதி எல்லாம் அலங்காரம்.

பிராவ் 1589ஐயும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மனிதனைக் கொன்ற முதல் ரோபோ. சிறையின் அடியில், உடம்பில் ஈட்டி பாய்ச்சிச் சுவரோடு அடித்து வைத்திருக்கிறார்கள், அந்த நிலையிலேயே பேசுகிறான். கெசிக்ட் ஆலோசனை கேட்க அவனிடம் போகிறான். ஏன் அவனை இன்னும் முழுக்க அழிக்கவில்லை? அவனுடைய மூளையைப் பரிசோதித்த நிபுணர்களுக்கு அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. பழுது என்று ஒன்று கிடைத்திருந்தால் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாக வேலை செய்கிறது, அப்படியே கொலையும் செய்திருக்கிறது. சட்டத்தை மீறும் ரோபோவைப் பற்றி எத்தனையோ கதைகள் வந்திருக்கின்றன, பெரும்பாலானவற்றில் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கும் அல்லது கட்டளையில் ஓர் ஓட்டை இருக்கும். இதில் எதுவும் அறுந்திருக்கவில்லை.

தெசுகாவின் மூலக்கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த யோசனை எங்கேயிருந்து வந்தது என்று தெரிகிறது, எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். 1964 கதையில் ரோபோக்களின் பலம் குதிரைத் திறனில் அளக்கப்படும். அட்டோமுக்கு 1 லட்சம் குதிரைத் திறன், ப்ளூட்டோவுக்கு 10 லட்சம். தோற்றுவிடுவோம் என்று தெரிந்த அட்டோம் தன்னையும் 10 லட்சத்துக்கு உயர்த்தச் சொல்லிக் கேட்கிறான், டென்மா உயர்த்திக் கொடுக்கிறார். சிறுவர் பத்திரிகை, பையன்களுக்கு எண்கள் பிடிக்கும், யார் பெரியவன் என்பதுதான் கேள்வி. உரசாவா அதே இடத்தில், செயலிழந்து கிடக்கும் அட்டோமை டென்மா எழுப்புகிற அதே திருப்பத்தில், குதிரைத் திறனை எடுத்துவிட்டு வெறுப்பை வைக்கிறார். செத்துப்போன கெசிக்டின் நினைவுச் சில்லு, அவனுடைய கடைசி உணர்ச்சிகளோடு, அட்டோமுக்குள் போகிறது. பையன் எழுந்து உட்கார்ந்ததும் எழுதித் தள்ளுவது உலகத்தையே அழிக்கக்கூடிய ஒரு குண்டின் சூத்திரம். மேம்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு நாற்பது வருட இடைவெளியில் இரண்டு பதில்கள். தெசுகாவின் கதையை அப்படியே திரும்ப வரைந்திருக்கிறார், புதுசாக ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஒரு இடத்தைத்தான் காட்டுவேன்.

மூலம் குழந்தைத்தனமானது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தெசுகாவின் கோடு உருண்டை உருண்டையாக, பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கதையிலும் அட்டோமைத் தவிர அந்த ஏழு பேரில் எல்லாரும் சாகிறார்கள், ப்ளூட்டோவும் கடைசியில் சாகிறது. 1945இல் ஒசாக்கா குண்டுவீச்சை நேரில் பார்த்த மனிதர் அவர். டார்க் ஹார்ஸ் வெளியிட்ட ஆங்கில ஆஸ்ட்ரோ பாய் வரிசையில் 3ஆம் தொகுதியில் இந்தக் கதை இருக்கிறது, ஓர் உட்காரலில் முடித்துவிடலாம்.

சரி, அரசியல். இங்கேதான் கருத்துகள் அதிகம் முட்டிக்கொள்கின்றன.

ஏழு ரோபோக்களையும் இணைப்பது மத்திய ஆசியப் போர். திரேசியா ஐக்கிய நாடு என்ற வல்லரசு, அலெக்சாண்டர் என்ற அதிபர். பாரசீகத்தின் மன்னர் 14ஆம் டேரியஸ் பேரழிவு ரோபோக்களை ஒளித்து வைத்திருப்பதாகக் குற்றச்சாட்டு. போரா ஆய்வுக் குழு என்று ஒன்று நேரில் போய்த் தேடுகிறது, அப்படி எதுவும் அகப்படவில்லை, இருந்தும் படையெடுப்பு நடக்கிறது. உலகின் தலைசிறந்த ரோபோக்கள் அமைதிப்படை என்ற பெயரில் போய், தங்களைப் போன்ற ரோபோக்களை ஆயிரக்கணக்கில் உடைத்துப் போடுகிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவனான எப்சிலான் மட்டும் போக மறுத்து, கோழை என்று பேச்சு வாங்கி, பிற்பாடு போர் அநாதைகளை வளர்க்கிறான். இது எந்தப் போர் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தேதிப் பொருத்தம் உண்டு, அதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். தெசுகா தன் கதையில் அட்டோமின் பிறந்தநாளாகக் குறித்தது 2003 ஏப்ரல் 7. ஐம்பதுகளில் உட்கார்ந்து எழுதிய அவருக்கு அது எட்டாத எதிர்காலம். உண்மையில் அந்த நாள் வந்தபோது ஜப்பானில் கொண்டாட்டங்கள் நடந்தன, உரசாவாவின் தொடரும் அந்த வருடத்தை ஒட்டியே திட்டமிடப்பட்டது. அதே ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க டாங்கிகள் பாக்தாத்துக்குள் புகுந்து சதாம் உசேனின் மாளிகையைப் பிடித்தன. இரண்டு நாள் கழித்து நகரம் வீழ்ந்தது. அந்த செப்டம்பரில் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்குகிறவன் மேசைமேல் வேறு எந்தப் போர் இருந்திருக்க முடியும்?

"செய்தித்தாளை அப்படியே தூக்கி ஒட்டிவிட்டார்" என்பது ஒரு தரப்பு. என் சித்தி மகன் அந்தக் கட்சி. பெயர் மாற்றம் கூட மெனக்கெடாமல் செய்திருக்கிறார் என்பான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதியது என்பதால்தான் இன்றைக்கும் சூடு குறையாமல் இருக்கிறது. எனக்கிருக்கும் குறை நேர் எதிர்ப்பக்கம். போதுமான அளவு நேராகப் போகவில்லை என்பதுதான்.

கரடி பொம்மையைச் சொல்கிறேன். டாக்டர் ரூஸ்வெல்ட். திரேசியா அதிபரின் அருகில் பொம்மைக் கரடி உருவத்தில் இருக்கும் ஒரு சூப்பர் கணினி, அதிபரோடு பேசிப் பேசி முடிவுகளை நகர்த்துகிறது. கடைசித் தொகுதிகளில் இதற்குப் பின்னால் அந்தக் கரடியின் திட்டம் இருந்ததும், மனிதர்கள் போன பிறகு ரோபோக்களின் காலம் என்று அது கனவு காண்பதும் தெரிகிறது. படம் என்று பார்த்தால் பயங்கரமாக இருக்கிறது, குழந்தைப் பொம்மையின் வாயில் அந்தக் குரல். ஆனால் கதைக்கு அது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஒரு வல்லரசின் பேராசை, ஒரு பொய்க் குற்றச்சாட்டு, அதற்குத் தலையாட்டிய நாடுகள், கையொப்பம் போட்ட அதிகாரிகள் என்று மனிதர்கள் செய்த தப்பாக இருந்தது. கரடி வந்ததும் அதிபர் பாவம், ஏமாந்தவர் ஆகிவிடுகிறார். அவர் தோளிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. 2003இல் எந்தக் கரடியும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. மனிதர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, தெரிந்தே செய்தார்கள். இத்தனை இருட்டான கதையை எழுதத் துணிந்தவர் இந்த ஓரிடத்தில் மட்டும் வாசகனுக்கு ஆறுதல் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் பிராவ் 1589 சிறையை விட்டு வெளியேறி, தன்னைக் குத்தியிருந்த அதே ஈட்டியோடு கரடியைத் தேடி வருவது பார்க்கக் கைதட்டல் வாங்கும் காட்சிதான். ஆனால் ஒரு போருக்கான கணக்கு அங்கே தீர்ந்துவிட்டதா என்ன?

முடிவு சரியில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு காரணம் சொல்கிறார்கள். எரிமலை, பூமியை அழிக்கும் குண்டு, கடைசி நிமிடத் தியாகம், எல்லாம் சினிமாத்தனம் என்று. அது எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. மூலமே ராட்சத ரோபோச் சண்டைக் கதை, கடைசியில் ராட்சத ரோபோக்கள் சண்டை போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "வெறுப்பிலிருந்து எதுவும் பிறக்காது" என்ற வரியைப் பிரசங்கம் என்று அத்தை ஒருவர் சொன்னார், ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் படிக்கக் கொடுத்தவர்களிலேயே மூத்தவர், மாங்காவைப் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்கே முதலில் என்னைத் திட்டியவர். அவர் சொன்னதில் பாதி சரி. கெசிக்ட் அதைக் கடைசியாக உணரும்போது அந்த வார்த்தைக்கு எடை இருக்கிறது, ஏனென்றால் வெறுப்பினால் ஒருவனைக் கொன்றவன் அவன், அந்த வெறுப்பையும் அதற்குக் காரணமான அன்பையும் சேர்த்தே பறிகொடுத்தவன். அட்டோம் ப்ளூட்டோவை அடித்து வீழ்த்திக் கொல்லப்போகும் நேரத்தில் கையை நிறுத்துவதும் அந்தக் கெசிக்ட் உள்ளே இருப்பதால்தான். அதுவரைக்கும் வரியில் உயிர் இருக்கிறது. அதற்குப் பிறகும் அதே எண்ணத்தை வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது தேவையில்லாத வேலை.

ப்ளூட்டோவைப் பற்றி ஒன்று. அந்த ராட்சத உடம்புக்குள் இருப்பவன் சாஹத் என்ற ரோபோ, பாலைவனத்தில் பூ மலர வைக்க வேண்டும் என்று செடிகளைப் படித்தவன். 3ஆம் தொகுதியில் அட்டோமின் தங்கை உரான், ஒரு பழைய உடைந்த உடம்பில் யாரென்று தெரியாத ஒருவனைச் சந்திக்கிறாள், அவன் சுவர் முழுக்கப் பூக்களை வரைகிறான். மற்றவர்களின் துக்கத்தைத் தூரத்திலிருந்தே உணர்கிற பெண் அவள். இந்தப் பகுதி மெதுவாகப் போகிறது, கதையை நகர்த்தவில்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். எனக்கு அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது, அவர்கள்மேல் இல்லை, அந்தப் பையனைக் கொண்டுபோய் அந்த உடம்பில் அடைத்த தகப்பன்மேல். பூ வரைந்த கையும் நார்த்தை உடைத்த கையும் ஒன்று என்று தெரிந்த பிறகு யாரை வெறுப்பது என்றே தெரியாமல் போய்விடுகிறது. அந்தத் தகப்பன் டாக்டர் அபுல்லாவும் போரில் குடும்பத்தை இழந்தவர். தோண்டிப் போனால் அவரே செத்துப்போன மனிதர், அவருடைய வெறுப்பை ஊற்றி எழுப்பப்பட்ட ரோபோதான் தன்னை அபுல்லா என்று நம்பிக்கொண்டு நடமாடுகிறது. டென்மாவின் கோட்பாடு அட்டோமுக்கு முன்னாலேயே ஒருமுறை பலித்துவிட்டது, யாருக்கும் தெரியாமல்.

பெண் பாத்திரங்கள் குறைவு, இருப்பவர்களும் அழுவதற்கும் ஆறுதல் சொல்வதற்கும்தான் என்பது இன்னொரு விமர்சனம். இதற்கு என்னிடம் பதில் இல்லை, உண்மை. ஹெலினாவைப் பற்றி இன்னொரு முழுத் தொகுதி எழுதலாம், எழுதவில்லை.

கடைசியாக, எல்லாரும் கேட்கிற கேள்வி: புத்தகமா, நெட்ஃபிளிக்ஸா? 2023 அக்டோபரில் வந்த அனிமே, அதாவது அசைபடத் தொடர், 8 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் கிட்டத்தட்டச் சிதையாமல் எடுத்திருக்கிறார்கள். டங்கனின் பாட்டை உண்மையிலேயே கேட்க முடிகிறது, அது ஒரு லாபம். ஆனால் முதல் தொகுதியின் கடைசிப் பக்கம் புத்தகத்தில்தான் கிடைக்கும். மழையில் ஒரு சாதாரணப் பையன், நத்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கூரான முடியும் இல்லை, சிவப்புப் பூட்ஸும் இல்லை, பக்கத்தைத் திருப்பினால் தெசுகாவின் உலகப் புகழ்பெற்ற நாயகன் இவன்தான் என்று தெரிகிறது. அந்தத் திருப்பலை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். அந்த முகமில்லாத மனைவியின் காட்சியும் அப்படித்தான், அனிமேயில் ஒளி மாறுகிறது, கேமரா நகர்கிறது, குரலில் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது, அசையாத கறுப்பு வெள்ளைப் படம் செய்ததை அது செய்யவில்லை. ஆங்கிலத்தில் விஸ் மீடியா வெளியிட்ட 8 தொகுதிகளும் கிடைக்கின்றன, ஃபிரடெரிக் ஷோட்டும் ஜாரெட் குக்கும் மொழிபெயர்த்தது, சரளமாகவே இருக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும். முதல் இரண்டை மட்டும் வாங்கிப் பாருங்கள், கெசிக்டும் அட்டோமும் நினைவுச் சில்லுகளை மாற்றிக்கொண்ட பிறகு அந்தப் பையன் கழிப்பறைக்குள் போய் அழுகிற இடம் வரைக்கும் வந்துவிட்டு உங்கள் மூன்றாவது வரி என்ன என்று எனக்குச் சொல்லுங்கள், கரடியைப் பிடித்துப்போனவர்கள் இருந்தால் குறிப்பாக.